மட்கார்டு மினுங்குது... பிடிமானம் பத்திரமா?

'மைனர்' என்றதும் கழுத்தில் செயின், வாயில் வெற்றிலை என்று பழைய சினிமாவில் வரும் ஓர் ஆசாமி சிலருக்கு ஞாபகம் வருவார். கார் பிரியர்களுக்கு ஞாபகம் வருவது வேறொரு மைனர். உருண்டை மூக்கு, மட்கார்டின் தோளில் உட்கார்ந்து முழிக்கும் இரண்டு ஹெட்லைட், குட்டி உடம்பு... மோரிஸ் மைனர்!

தாத்தா ஓட்டிய மைனரை ஷெட்டிலிருந்து வெளியே இழுப்பவர்களும் சரி, ஆசை ஆசையாக ஒன்றைத் தேடி வாங்குபவர்களும் சரி, முதலில் கை வைப்பது மட்கார்டில்தான். பெயின்ட் கொப்புளித்திருக்கும். ஓரத்தில் தகடு அப்பளம் போல நொறுங்கும். "பழைய மட்கார்டைக் கழற்றிப் போட்டுட்டு வேற மாட்டிட்டா வேலை முடிஞ்சுது" என்று நினைப்பார்கள்.

அங்கேதான் கணக்கு தப்புகிறது. மட்கார்டைக் கழற்றிய பிறகுதான் உண்மையான நோயாளி கண்ணில் படுவார். மட்கார்டை எந்த இடத்தில் போல்ட் போட்டு முறுக்கியிருக்கிறார்களோ, அந்த இடமே துருவில் கரைந்து போயிருக்கும். புது மட்கார்டு தயார். மாட்டுவதற்குத்தான் கார் இல்லை!

இந்தப் பிடிமானங்களைச் சரிசெய்வது எப்படி, எதைச் செய்யக்கூடாது, டிங்கர் பட்டறையில் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் பணமும் மிஞ்சும், காரும் மிஞ்சும்.

நான்கு அங்குலம் அகலமான கதை

மைனரை வடிவமைத்த குழுவின் தலைவர் அலெக் இஸிகோனிஸ். பின்னாளில் 'மினி' காரைக் கொடுத்தவரும் இவர்தான். 1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் மோட்டார் கண்காட்சியில் மைனர் அறிமுகமானது. அதற்குக் கொஞ்ச காலம் முன்பு மாதிரிக் காரைப் பார்த்த இஸிகோனிஸுக்கு அகலம் போதவில்லை என்று தோன்றியது. காரை நெடுக்குவாட்டில் இரண்டாக அறுத்து, இரண்டு பாதியையும் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்கள். நான்கு அங்குலம் கூட்டியபோது கண்ணுக்குச் சரியாகப்பட்டது. அப்படியே முடிவு செய்துவிட்டார்கள். மைனரின் பானெட் நடுவில் ஓடும் பட்டையான மேடு, அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம். ஏற்கெனவே செய்து வைத்திருந்த பம்பர்களையும் நடுவில் அறுத்து ஒட்டுப் போட்டார்கள்.

கம்பெனியின் அதிபர் நஃபீல்ட் பிரபுவுக்கு இந்தக் காரைப் பிடிக்கவே இல்லை. தண்ணீரில் உடைத்து ஊற்றி வேகவைத்த முட்டை மாதிரி இருக்கிறது என்று கிண்டலடித்தாராம். ஆனால், அந்த 'முட்டை'தான் பத்து லட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார். 1971-ல் கடைசி வண்டி வெளியே வந்தபோது மொத்த எண்ணிக்கை 16 லட்சம்.

இந்தியாவுக்கும் மைனர் வந்தது. 1950-களின் தொடக்கத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தன் உத்தர்பாரா தொழிற்சாலையில் 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் விற்றது இதே மைனரைத்தான். அம்பாஸடருக்கு அது ஒரு வகையில் அக்கா முறை.

சட்டை வேறு, தோள் வேறு

மைனரின் உடம்பு எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால்தான் துருவின் விஷயம் புரியும். லாரி, ஜீப் போல இதற்குக் கீழே தனியாக ஒரு முழுச் சட்டம் கிடையாது. தரை, பக்கவாட்டு, கூரை எல்லாம் வெல்டிங்கில் சேர்ந்து ஒரே கூடாக நிற்கும். அந்தக் கூடுதான் சுமையைத் தாங்குகிறது. முன்பக்கம் என்ஜினின் இரு புறமும் இரண்டு பெட்டி உத்தரங்கள் நீண்டிருக்கும். அவற்றின்மேல் இரண்டு தகட்டுச் சுவர்கள் எழும்பி நிற்கும். பட்டறைகளில் இந்தச் சுவரை 'இன்னர்' என்பார்கள்.

வெளியே தெரிகிற நான்கு மட்கார்டுகளும் இந்தக் கூட்டின்மேல் போல்ட் போட்டு மாட்டப்பட்டவை. முன் மட்கார்டை மேலே என்ஜின் அறையின் ஓரம் நெடுகிலும், பின்னால் கதவுத் தூண் பக்கமும், முன்னால் கிரில் பக்கமும் போல்ட்டுகள் பிடித்திருக்கும். பின் மட்கார்டும் அப்படியே. அதற்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு 'பீடிங்' பட்டை ஓடும்.

மட்கார்டு சட்டை மாதிரி. கிழிந்தால் வேறு போட்டுக்கொள்ளலாம். அதை மாட்டும் இடம் தோள். தோளை மாற்ற முடியாது. வைத்தியம்தான் பார்க்க வேண்டும்.

துருவுக்குப் பிடித்த இடம்

ஏன் குறிப்பாக அந்த இடத்தில் துரு பிடிக்கிறது? காரணங்கள் வரிசையாக இருக்கின்றன.

இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் இடுக்கில் தண்ணீர் தானாகவே உறிஞ்சப்பட்டு உள்ளே போகும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலத்தான். உள்ளே போன தண்ணீர் சீக்கிரம் காயாது. பெயின்ட்டோ, அந்த இடுக்குக்குள் முழுசாகப் போயிருக்காது.

அடுத்தது சேறு. சக்கரம் சுழற்றி அடிக்கிற சேறு, மட்கார்டின் பின் ஓரத்தில், கதவுத் தூணுக்கு முன்னால் இருக்கும் மூலையில் போய் அடையும். மழை நின்று மூன்று நாள் ஆனாலும் அந்தச் சேறு ஈரமாகவே இருக்கும். இரும்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றி வைத்தது போலத்தான்.

மூன்றாவது உப்பு. இங்கிலாந்தில் குளிர்காலத்தில் சாலையில் பனி உறையாமலிருக்க உப்பைத் தூவுகிறார்கள். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் உப்பு காற்றிலேயே வருகிறது. உப்பு கலந்த தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். துருப்பிடித்தல் அடிப்படையில் ஒரு மின்வேதி வினை என்பதால், உப்பு அதை விரட்டி வேலை வாங்குகிறது.

கடைசியாக, துருவின் குணம். இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகும். இடுக்குக்குள் வளரும் துரு, ஆப்பு போல இரண்டு தகட்டையும் பிளக்கும். பிளந்த இடத்தில் இன்னும் தண்ணீர். இன்னும் துரு. பீடிங் பட்டை அலை அலையாகப் புடைத்திருந்தால் உள்ளே இந்த வேலை நடக்கிறது என்று பொருள்.

தட்டிப் பார், ஆட்டிப் பார்

வாங்குவதற்கு முன்போ, வேலைக்கு விடுவதற்கு முன்போ சோதனை செய்யப் பெரிய கருவிகள் வேண்டாம். ஒரு டார்ச், ஒரு சின்னக் காந்தம், ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர் போதும்.

முதலில் மட்கார்டின் கீழ் ஓரத்தைப் பிடித்து மெதுவாக ஆட்டுங்கள். கார் முழுவதும் அசைந்தால் நல்லது. மட்கார்டு மட்டும் தனியாக ஆடினால் பிடிமானம் போயிருக்கிறது. பானெட்டைத் திறந்து என்ஜின் அறை ஓரத்தில் வரிசையாக இருக்கும் போல்ட் தலைகளைப் பாருங்கள். எத்தனை இருக்க வேண்டுமோ அத்தனை இருக்கிறதா, சுற்றியுள்ள தகடு தட்டையாக இருக்கிறதா, பெரிய வாஷர் போட்டு எதையாவது மறைத்திருக்கிறார்களா என்று கவனியுங்கள்.

காந்தத்தை ஒரு மெல்லிய துணியில் சுற்றி, ஓரங்களில் நகர்த்துங்கள். நன்றாக ஒட்டி வந்த காந்தம் திடீரென்று வழுக்கினால், அங்கே தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. சக்கரத்துக்கு உள்பக்கம் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு 'டங்' என்று பதில் சொல்லும். இற்றுப்போன தகடு 'டொக்' என்று ஊமையாகக் கேட்கும். அடியில் தார் மாதிரி கறுப்பாகப் புதிதாகப் பூசியிருந்தால் கூடுதல் சந்தேகம் நல்லது. முன் சீட் பக்கம் தரைவிரிப்பைத் தூக்கி, கால் வைக்கும் இடத்தின் மூலையையும் பார்க்க வேண்டும். கதவுத் தூணின் அடியில் அரித்த துரு அங்கே எட்டிப் பார்க்கும்.

எது அழகு விஷயம், எது ஆபத்து என்று பிரிப்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. பிரிட்டனில் வாகனச் சோதனையில் பின்பற்றப்படும் விதி அது. பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், சீட் பெல்ட் ஆகியவை பிடித்திருக்கும் இடங்களைச் சுற்றி 30 சென்டிமீட்டருக்குள் தகடு பலமிழந்திருந்தால் வண்டி தேறாது. மட்கார்டில் ஓட்டை விழுந்தால் பார்க்கத்தான் அசிங்கம். மட்கார்டு மாட்டியிருக்கும் இன்னர் சுவரோ கதவுத் தூணின் அடியோ அரித்துப்போனால், வண்டியின் எலும்பு போகிறது. பள்ளத்தில் இறங்கும்போது கதவு தானாகத் திறப்பதும், சாத்தினால் சரியாகப் பொருந்தாததும் அதன் அறிகுறிகள்.

"மாட்ட இடம் வேணுமே சார்!"

பட்டறைகளில் வழக்கமாக நடக்கும் உரையாடல் ஒன்று உண்டு.

"அண்ணே, மட்கார்டைப் புதுசாவே மாத்திடலாம்ணே. எத்தனை நாள் ஆகும்?"

"மாத்தலாம் சார். மாட்ட இடம் வேணுமே! கையால தொட்டாலே கொட்டுது பாருங்க."

"வேற என்ன பண்றது?"

"ரெண்டு வழி இருக்கு. சீக்கிரமா முடியறது ஒண்ணு, சரியா முடியறது ஒண்ணு. எதைச் செய்யட்டும்?"

'சீக்கிரமா முடியற' வழிகளைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஓட்டைக்குள் செய்தித்தாளைத் திணித்து மேலே பட்டி போடுவது ஒன்று. துருவைச் சுரண்டாமல் மேலேயே ஃபைபர் துணியை ஒட்டுவது இன்னொன்று. புதுத் தகட்டைத் துருவின்மேலேயே வைத்து ரிவெட் அடித்துத் தார் பூசுவது மூன்றாவது. எல்லாவற்றையும்விட மோசமானது, போல்ட் பிடிக்க இடமில்லை என்று மட்கார்டையே உடம்போடு சேர்த்து வெல்டிங் செய்துவிடுவது.

அன்றைக்குப் பார்க்க எல்லாமே ஜோராக இருக்கும். ஆனால், மறைத்த துரு நிற்பதில்லை. மேலே மூடி போட்டதால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் வேகமாகத் தின்னும். மட்கார்டை வெல்டிங் செய்துவிட்டால், நாளைக்கு ஒரு சின்ன விபத்து நேர்ந்தாலும் கழற்ற முடியாது. வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

கழற்றுவதில் இருக்கிறது பாதி வேலை

சரியான வழி எது? முதல் வேலை, கழற்றும் முன் படம் எடுப்பது. எல்லாக் கோணத்திலும் செல்போனில் படம் எடுத்து, கதவுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை அளந்து எழுதி வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பிரிக்காமல் ஒரு பக்கத்தை விட்டு வைத்தால், எது எங்கே இருந்தது என்று பார்த்துக்கொள்ள அது உதவும்.

அடுத்து பாதுகாப்பு. பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். மைனரில் எஸ்.யூ. மின்சாரப் பெட்ரோல் பம்ப், என்ஜின் அறையின் பின் சுவரிலேயே இருக்கிறது. முன் மட்கார்டு வேலையில் தீப்பொறி பறக்கும் இடத்துக்குப் பக்கம் அது. பெட்ரோல் டேங்க் டிக்கியின் தரைக்குக் கீழே இருக்கிறது. பின் மட்கார்டு வேலை என்றால் டேங்க்கை இறக்கி, வண்டியிலிருந்து தள்ளி வைத்துவிட வேண்டும். காலி டேங்க்கிலும் ஆவி இருக்கும் என்பதை மறக்கக்கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக்கூடாது, ஸ்டாண்டு வேண்டும். அந்தக் காலப் பெயின்ட்டில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு என்பதால், சுரண்டும்போது மாஸ்க் அவசியம். குழந்தைகளைப் பக்கத்தில் விடக்கூடாது.

பிறகு போல்ட். 60 வருடமாக அசையாமல் உட்கார்ந்திருக்கும் போல்ட்டை ஒரே மூச்சில் திருகினால் தலை முறிந்து கையோடு வரும். கம்பி பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய்து, துரு இளக்கும் எண்ணெயை விட்டு, ஒரு ராத்திரி ஊற விட வேண்டும். மறுநாளும் ஒரு தடவை விட்டால் இன்னும் நல்லது. திருகும்போது முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அசைத்து, அப்புறம் தளர்த்த வேண்டும். துரு 'கடக்' என்று உடையும் சத்தம் கேட்கும். அசைந்தால் அரைச் சுற்று தளர்த்தி, கால் சுற்று இறுக்கி, எண்ணெய் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுக்க வேண்டும்.

சில இடங்களில் தகட்டுக்குப் பின்னால் நட்டை ஒரு சின்னக் கூண்டில் வைத்து வெல்டிங் செய்திருப்பார்கள். கூண்டு இற்றுப்போனால் போல்ட்டோடு சேர்ந்து நட்டும் சுற்றும். பின்னால் கை போகாது. அப்போது பிடிவாதம் பிடிக்காமல் போல்ட் தலையை கிரைண்டரால் வெட்டிவிடுவதே புத்திசாலித்தனம். அந்த நட்டு எப்படியும் மாற்ற வேண்டியதுதான்.

இங்கே பலர் சறுக்கும் ஒரு நுணுக்கம். இங்கிலாந்து கார்களில் இருப்பது மெட்ரிக் மரை அல்ல, அங்குலக் கணக்கு. 5/16 அங்குல போல்ட்டின் குறுக்களவு 7.94 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் 8 மில்லிமீட்டர் போல்ட்டோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால், மரையின் இடைவெளி வேறு. அங்குல மரையில் சுமார் 1.06 மில்லிமீட்டர், சாதாரண 8 மில்லிமீட்டர் போல்ட்டில் 1.25 மில்லிமீட்டர். ஒன்றை இன்னொன்றில் பலவந்தமாக முறுக்கினால் இரண்டு சுற்று போகும், அப்புறம் மரை சிதைந்துவிடும். கழற்றிய போல்ட்டுகளை, எவ்வளவு மோசமாக இருந்தாலும், மாதிரிக்கு எடுத்து வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும்.

வெட்டு, ஒட்டு, பொருத்து

மட்கார்டு இறங்கியதும் சேறு, தார், பழைய பெயின்ட் எல்லாவற்றையும் சுரண்டி இரும்பின் வெள்ளை தெரியும்வரை சுத்தம் செய்ய வேண்டும். சுத்தம் செய்யச் செய்ய ஓட்டை பெரிதாகும். பயப்பட வேண்டாம். ஓட்டை புதிதாக வரவில்லை, மறைந்திருந்தது தெரிகிறது.

மேலாகப் படிந்த துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றித் திரவம் வேலை செய்யும். தகடு மெலிந்தோ ஓட்டையாகவோ போன இடத்தில் எந்தத் திரவமும் இரும்பைத் திரும்பக் கொண்டுவராது. அங்கே வெட்டியே ஆக வேண்டும். எவ்வளவு தூரம் வெட்டுவது? தகடு முழுக் கனத்தோடு இருக்கும் இடம்வரை. துரு முடியும் இடத்தில் நிறுத்தினால், அங்கே வெல்டிங் பிடிக்காது. சூட்டில் தகடு ஊதிக்கொண்டு போய்விடும்.

வெட்டும் முன், அந்த இடத்தின் வடிவத்தை அட்டையில் எடுத்துக்கொள்ள வேண்டும். மடிப்பு எங்கே, ஓரம் எவ்வளவு அகலம், போல்ட் ஓட்டை எந்த இடம் என்று எல்லாம் அதில் குறித்து, அந்த அட்டையை வைத்துப் புதுத் தகட்டை வெட்டி மடிக்க வேண்டும். தகட்டின் கனம், பழையதில் பாதிக்கப்படாத இடத்தை அளந்து அதே அளவில் இருக்க வேண்டும். 18 கேஜ் தகடு என்றால் 1.2 மில்லிமீட்டர், 20 கேஜ் என்றால் 0.9 மில்லிமீட்டர். 'ஸ்ட்ராங்கா இருக்கட்டும்' என்று 3 மில்லிமீட்டர் பட்டையைப் போட்டால், மெல்லிய தகடும் தடித்த பட்டையும் சேரும் கோட்டில் விரிசல் விடும். ஒட்டுத் தகட்டின் மூலைகளைக் கூராக விடாமல் உருட்டி வெட்டினால் விசை ஓரிடத்தில் குவியாது.

வெல்டிங்குக்கு சி.ஓ.டூ வெல்டிங் வசதியானது. கேஸ் வெல்டிங்கில் சூடு பரவி மெல்லிய தகடு நெளிந்துவிடும். எதில் செய்தாலும் ஒரே இழுப்பாகக் கோடு போடக்கூடாது. முதலில் அங்கங்கே பொட்டு வைத்து, ஆறவிட்டு, எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு, மறுபடி ஆறவிட்டு, கடைசியில் எல்லாப் பொட்டுகளும் சேர்ந்து இடைவெளியில்லாத கோடாக முடிய வேண்டும். தையற்காரர் முதலில் ஓட்டுத் தையல் போட்டுவிட்டு அப்புறம் மெஷினில் கொடுப்பது போலத்தான். சுமை தாங்கும் இடத்தில் பொட்டுகளோடு நிறுத்திவிடுவது தவறு.

இனிதான் அனுபவஸ்தர்கள் அவசரப்படாத கட்டம். புதுத் தகட்டில் போல்ட் ஓட்டையை முன்கூட்டியே போடக்கூடாது. மட்கார்டைத் தூக்கி வைத்து, கிளாம்ப் போட்டுப் பிடித்து, கதவைச் சாத்திப் பார்க்க வேண்டும். பானெட்டை இறக்கிப் பார்க்க வேண்டும். இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருக்கிறதா, இரண்டு ஹெட்லைட்டும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று தள்ளி நின்று பார்க்க வேண்டும். சரி என்று தோன்றிய பிறகு மட்கார்டின் ஓட்டை வழியாகவே குறி வைத்துத் துளைக்க வேண்டும். பின்னால் கை போகாத இடங்களில் புதுக் கூண்டு நட்டு வைத்து வெல்டிங் செய்யும்போது, நட்டு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகர இடம் விட்டால், கடைசியில் பொருத்தும்போது கை கொடுக்கும்.

இப்படி மூன்று நான்கு தடவை மாட்டிக் கழற்ற வேண்டியிருக்கும். பெயின்ட் அடித்த பிறகு 'பொருந்தவில்லையே' என்று தலையில் கை வைப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

மறுபடி துரு வராமலிருக்க

வெல்டிங் முடிந்த தகடு வெறும் உடம்போடு நிற்கும் தகடு. ஈரக்காற்றில் ஒரே நாளில் செம்மை பூத்துவிடும். இரண்டு தகடுகள் படியும் இடத்தில் வெல்டிங்குக்கு முன்பே துத்தநாகம் கலந்த பிரைமர் பூச வேண்டும். அப்புறம் பூசினால் உள்ளே போகாது. முடிந்ததும் எபாக்ஸி பிரைமர், அதன்மேல் இணைப்புகளில் சீலர், அப்புறம் பெயின்ட். பெட்டி போல மூடிய பகுதிகளுக்குள் மெழுகு கலந்த திரவத்தைப் பீய்ச்சிவிட வேண்டும். அது இடுக்குகளில் பரவி ஈரத்தைத் தடுக்கும்.

தண்ணீர் வெளியேற வைத்திருக்கும் வழிகளை 'ஓட்டை' என்று நினைத்து சீலர் வைத்து அடைத்துவிடக்கூடாது. புது போல்ட்டுகளுக்கு மரையில் கிரீஸ் தடவி மாட்டினால், அடுத்த தடவை கழற்றப்போகிறவர் வாழ்த்துவார். பீடிங்கைப் பழசையே மறுபடி போடாமல் புதிதாகப் போட வேண்டும்.

காலியிலிருந்து இங்கிலாந்துக்கு

தகடு மடிக்கும் கை இருந்தால் கார் பிழைக்கும் என்பதற்கு இலங்கை நல்ல சாட்சி. 1960, 70-களில் அங்கே இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்ததால், புதுக் கார் வருவது அபூர்வம். இருக்கும் மோரிஸ் மைனரையும் ஆஸ்டினையும் பழுது பார்த்துப் பார்த்தே ஓட்டினார்கள். 1990-களில் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் கிடைக்காமல், சில துளிப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகளில் இந்தப் பழைய கார்களும் உண்டு.

அந்தக் கைப்பழக்கம் கடல் தாண்டியும் போனது. 1990-களில் இலங்கையின் தென்கரையில் காலி பக்கத்தில், மோரிஸ் மைனரின் உடல் பாகங்களைச் செய்யும் தொழிற்கூடம் ஒன்று தொடங்கப்பட்டது. அங்கே செய்தவை இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மைனர் பழுதுபார்ப்பு மையத்துக்குப் போயின. பிறந்த ஊரில் கிடைக்காத பாகம், புகுந்த ஊரிலிருந்து போனது!

பட்டறைக்கு விடும்போது...

வீட்டில் வெல்டிங் மெஷின் வைத்து இதைச் செய்கிறவர்கள் குறைவு. பெரும்பாலும் டிங்கரிடம்தான் போக வேண்டும். அப்போது சில விஷயங்களை முதலிலேயே பேசிவிடுவது நல்லது. பட்டி போடுவதற்கு முன் வெறும் தகடாக இருக்கும்போது வந்து பார்ப்பேன் என்று சொல்லுங்கள். வேலையை மூன்று கட்டமாகப் பிரித்து, கழற்றிச் சுத்தம் செய்த பிறகு ஒரு பகுதி, வெல்டிங் முடிந்து மட்கார்டு பொருந்திய பிறகு ஒரு பகுதி, பெயின்ட்டுக்குப் பிறகு மீதி என்று பணம் கொடுக்கலாம். சுத்தம் செய்யும் முன் 'மொத்தம் இவ்வளவுதான்' என்று யாராவது அடித்துச் சொன்னால், அவர் துருவைப் பார்க்காமல் சொல்கிறார் அல்லது மறைக்கப் போகிறார்.

பேரம் பேசுவதிலும் ஒரு நியாயம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு டிங்கர் செலவழிக்கும் இரண்டு நாளுக்குக் கூலி கொடுக்கத் தயங்கி, தெரியும் இடத்துப் பாலிஷுக்குத் தாராளமாகக் கொடுப்பது பலரின் வழக்கம். பட்டி கலாசாரம் வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கையால் தகடு மடிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அப்படி ஒருவர் கிடைத்தால், அவர் கேட்கும் அவகாசத்தைக் கொடுப்பதே லாபம்.

சட்டத்தின் பக்கமும் ஒரு கண் வேண்டும். 2021 ஜூலையில் வந்த மத்திய அரசின் விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடங்களைத் தாண்டிய கார்களையும் இரு சக்கர வாகனங்களையும் 'வின்டேஜ்' வகையில் பதிவு செய்யலாம். வண்டி அதன் முதல் வடிவத்தில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. இப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சி, ராலி போன்றவற்றுக்கு எடுத்துப் போகலாமே தவிர, தினசரி ஓட்ட முடியாது. மைனர்கள் எல்லாமே 50 வயதைத் தாண்டிவிட்டன. எனவே, மட்கார்டின் அமைப்பை மாற்றாமல் பழைய முறையிலேயே போல்ட் போட்டு மாட்டுவதும், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைப் பத்திரமாக வைத்திருப்பதும் ஒருநாள் உதவலாம்.

வேலை முடிந்து வண்டி வீட்டுக்கு வந்த பிறகு செலவில்லாத ஒரு பராமரிப்பு இருக்கிறது. மழையில் ஓட்டிய மறுநாள், மேலே துடைக்கும் துணியை வைத்துவிட்டு, ஹோஸ் பைப்போடு சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்காருங்கள். மட்கார்டின் உள்பக்கம், பின் மூலையில் கையை விட்டு அடைந்திருக்கும் சேற்றைக் கழுவி விடுங்கள். பத்து நிமிட வேலைதான். புதுத் தகடு பல மழைக்காலம் தாங்கும்.